அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் அந்தக் கோயம்புத்தூர் பில்லைப் பாருங்கள்

அன்புள்ள அம்மா,

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை லட்ச ரூபாய் கேட்கும் அந்த ஆறு மாத ஏ.ஐ. (செயற்கை நுண்ணறிவு) படிப்புக்கு இந்த வாரம் அட்வான்ஸ் கட்ட வேண்டாம். "இரண்டே இரண்டு இடம்தான் பாக்கி, வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் போய்விடும்" என்று தினமும் போனில் அவசரப்படுத்துவதாகச் சொன்னீர்கள். பாடம் சொல்லிக்கொடுப்பதில் அக்கறை உள்ளவர்கள் பெற்ற தாயை இப்படி விரட்ட மாட்டார்கள். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, தாராவியிலிருந்து சயான் வரை கொண்டுபோய் விற்றுக் கட்டிய சீட்டுப் பணம் அது. அதை எடுத்து நீட்டும் முன் இந்தக் கடிதத்தை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

"கம்ப்யூட்டரே கணக்கு எழுதுகிற காலத்தில் என் பெண் பி.காம். படித்து என்ன செய்யப் போகிறாள்?" என்று கேட்டீர்கள். இங்கே மும்பையில் மாதுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் இதே கேள்வியை இந்த ஆண்டு பல தாய்மார்கள், படிப்பு ஆலோசனை சொல்லும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் நேரில் சொல்லி முடிக்காமல் விரிவாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை என் மேஜையில் நடந்த ஒரு சின்ன விஷயம் உங்கள் கவனத்துக்கு வந்திருக்காது. நீங்கள் அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மகள் பையிலிருந்து அப்பாவின் பில் புத்தகத்தை எடுத்தாள். தொண்ணூறு அடி சாலைப் பக்கம் இருக்கும் உங்கள் கார்கானாப் பட்டறையில் தைக்கிற தோல் பைகளுக்கு அவள்தான் இப்போது பில் போடுகிறாள் என்றாள். வாங்குபவர் பெயர், எத்தனை பை, என்ன விலை என்று போனில் தமிழிலேயே சொல்லிவிட்டால், ஏ.ஐ. ஆங்கிலத்தில் அழகாக பில் எழுதிக்கொடுத்துவிடுகிறதாம். அதைப் பார்த்துப் புத்தகத்தில் ஏற்றிவிடுவாளாம். ஒரு பக்கத்தைத் திருப்பி, பென்சிலால் வட்டம் போட்டிருந்த இடத்தைக் காட்டினாள். கோயம்புத்தூர்க் கடைக்கு 40 பை. வரியை அந்தச் செயலி சி.ஜி.எஸ்.டி. என்றும் எஸ்.ஜி.எஸ்.டி. என்றும் பாதி பாதியாகப் பிரித்து எழுதியிருந்தது.

"இது தப்பு சார்" என்றாள். "சரக்கு தமிழ்நாட்டுக்குப் போகிறது. ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரியாகத்தான் போட வேண்டும்."

அவள் சொன்னது முழுக்கச் சரி. 2017 ஜூலை 1 முதல் இருக்கிற ஜி.எஸ்.டி. (சரக்கு, சேவை வரி) சட்டம் அது. மகாராஷ்டிரத்துக்குள் விற்றால் வரி பாதி மத்திய அரசுக்கு (சி.ஜி.எஸ்.டி.), பாதி மாநிலத்துக்கு (எஸ்.ஜி.எஸ்.டி.). வேறு மாநிலத்துக்கு விற்றால் மொத்தமும் ஐ.ஜி.எஸ்.டி. எந்தப் பெயரில் போட்டாலும் பில்லின் மொத்தத் தொகையில் ஒரு பைசாகூட மாறாது. அதனால்தான் உங்கள் வீட்டுக்காரர் கண்ணில் அது படவில்லை. ஆனால் தவறான தலைப்பில் வரியைக் கட்டிவிட்டால், சரியான தலைப்பில் மறுபடி கட்ட வேண்டும்; முன்பு கட்டியதைத் திரும்பப் பெற விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். தோல் வாங்க அன்றாடம் பணம் புரட்டுகிற கார்கானாவுக்கு அது எவ்வளவு பெரிய இடி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பதினேழு வயதுப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் மாணவி, யாரும் கேட்காமலே அதைப் பிடித்திருக்கிறாள். உங்கள் கேள்விக்கு விடை அந்தப் பென்சில் வட்டத்துக்குள் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அந்தச் செயலி ஏன் தவறு செய்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பயம் பாதியாகிவிடும். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த பிறகுதான் இந்தப் பேச்சு வீட்டுக்கு வீடு வந்தது. இவ்வகைச் செயலிகள் மலைமலையாக எழுத்துகளைப் படித்துப் பழகியவை. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது பொருத்தம் என்று கணித்துக் கணித்தே விடையைக் கோக்கின்றன. பெரும்பாலும் சரியாகவே வருகிறது. தவறும்போதும் அதே தெளிவான நடையில், அதே உறுதியோடு தவறுகின்றன. தடுமாற்றம் குரலில் தெரியாது. 2023-இல் நியூயார்க்கில் சில வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதிய மனுவை நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். அதில் மேற்கோள் காட்டியிருந்த பழைய வழக்குகளில் பல உலகத்தில் நடக்கவே இல்லை. செயலி தானாகக் கட்டிவிட்டவை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சட்டம் படித்தவர்கள்தான். எடுத்துச் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்காக உங்கள் மகள் இதைத் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தொடாமல் இருக்கவும் முடியாது. உங்கள் வீட்டுக்குள் அது எப்போதோ வந்துவிட்டது. வீட்டுக்காரர் பைகளைத் தரையில் வைத்துப் படம் எடுக்கிறார், போன் பின்னணியை அழித்து வெள்ளையாக்கித் தருகிறது. ஆங்கிலத்தில் வரும் ஆர்டர் கடிதத்தை மகள் தமிழில் மாற்றிப் படித்துக் காட்டுகிறாள். நீங்களே கைபேசியில் பேசி, அது எழுத்தாவதைப் பார்த்துத்தான் எனக்குச் செய்தி அனுப்பினீர்கள். உங்கள் கணக்கிலிருந்து வழக்கத்துக்கு மாறாகப் பணம் போனால் வங்கி எச்சரிப்பதற்குப் பின்னாலும் பெரும்பாலும் ஏ.ஐ. வேலை செய்கிறது. 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசி விமான நிலையங்களில் முகத்தைப் பார்த்தே உள்ளே விடும் டிஜி யாத்ரா வந்தது. உச்ச நீதிமன்றம் 2019-லேயே தீர்ப்புகளை இந்திய மொழிகளில் பெயர்க்க சுவாஸ் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. கார்கானா முதல் கோர்ட்டு வரை வந்துவிட்ட ஒன்றைப் பழகிக்கொள்ள ஒன்றரை லட்சம் தேவையில்லை.

இனி உங்கள் பயத்தில் உள்ள உண்மையைப் பற்றி. மழுப்ப மாட்டேன். வவுச்சரைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிற வேலை, வந்த மெயிலுக்கு ஒரே மாதிரி பதில் போடுகிற வேலை, விவரங்களைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்கிற வேலை ஆகியவை சுருங்கும். கல்லூரி முடித்த பிள்ளைகள் முதல் இரண்டு ஆண்டுகள் இவற்றைச் செய்துதான் தொழில் கற்றார்கள். அந்த முதல் படி தேய்ந்தால், இரண்டாம் படிக்கு எப்படி ஏறுவது என்பதுதான் என்னை உண்மையாகவே கவலைப்படுத்துகிற கேள்வி. டாலி என்ற கணக்கு மென்பொருளில் என்ட்ரி போடத் தெரியும் என்பதை மட்டும் நம்பி ஒரு பெண்ணை இன்றைக்கு நான் வேலைச் சந்தைக்கு அனுப்ப மாட்டேன்.

என் அப்பா திருநெல்வேலியிலிருந்து டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் சான்றிதழ்களோடு இந்த ஊருக்கு வந்தவர். அந்தக் காலத்தில் மாதுங்காவில் வீட்டுக்கு ஒருவராவது அப்படி இருப்பார்கள். கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் இந்தியாவிலேயே தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கியது. 2009-இல் அதை நிறுத்திவிட்டது. இடைப்பட்ட காலத்தில்தான் அப்பாவின் அலுவலகத்துக்குக் கணினி வந்தது. அவரோடு இருந்த நான்கு டைப்பிஸ்டுகளில் இருவரை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். அப்பாவை அனுப்பவில்லை. அதிகாரி சொல்வதை அப்படியே அடிக்காமல், "சார், போன மாதக் கடிதத்தில் நாம் வேறு தேதி கொடுத்திருக்கிறோம்" என்று நிறுத்திக் கேட்பவர் அவர். விரல் வேகத்துக்கு மதிப்புப் போனபோது அந்தக் கேள்விக்கு மதிப்புப் போகவில்லை. ஓய்வு பெறும் நாள் வரை கடிதங்களை வரைவு செய்பவராக இருந்தார். வெளியே போன இருவரும் அப்பாவைவிட வேகமாக அடிப்பவர்கள் என்பதையும் நான் மறக்கவில்லை.

எந்த வேலை போகும், எது நிற்கும் என்று அடித்துச் சொல்பவர்களையும் கொஞ்சம் தள்ளிநின்றே கேளுங்கள். ஜெஃப்ரி ஹின்டன் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். கதிரியக்கப் படம் பார்க்கும் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்று 2016-இல் சொன்னார். ஐந்தாண்டுகளில் கணினி அவர்களை விஞ்சிவிடும் என்றார். இன்றும் அந்த மருத்துவர்களுக்குத் தேவை குறையவில்லை. படத்தைப் பார்க்க ஏ.ஐ. உதவுகிறது, கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பது மருத்துவர்தான். அத்தகையவரின் கணிப்பே பொய்த்ததென்றால், போனில் பேசும் விற்பனையாளர் சொல்லும் ஆரூடத்துக்கு உங்கள் சீட்டுப் பணத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

ஆகவே, அவள் பி.காம். சேரட்டும். விருப்பமிருந்தால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகு சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பின் முதல் தேர்வான பவுண்டேஷன் எழுதட்டும்; 2024 முதல் ஆண்டுக்கு மூன்று முறை அந்தத் தேர்வு நடக்கிறது, ஒருமுறை தவறினால் ஓராண்டு வீணாகாது. பாட நூல்களை சி.ஏ. நிறுவனமே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. 2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆடிட்டரிடம் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியும் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்துவிட்டது. கடினமான படிப்புதான், பலர் பாதியில் நின்றுவிடுவதையும் பார்க்கிறேன். ஆனால் கணக்கில் கையெழுத்துப் போடும் பொறுப்பு ஒரு மனிதருக்கு இருக்கும்வரை, அதற்குப் பழகிய கண்ணுக்கு வேலை இருக்கும்.

ஏ.ஐ. பின்னால் உள்ள கணக்கையே படிக்க ஆசை என்று அவள் சொன்னால், அதற்கும் வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பை வீட்டிலிருந்தே, பி.காமோடு சேர்த்தே படிக்கலாம். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. தேவையில்லை, முதல் சில வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் தருகிறார்கள். அதற்கும் முன்னால், ஐ.ஐ.டி.கள் இணையத்தில் தரும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் ஒன்றைப் பைசா செலவில்லாமல் ஒரு மாதம் பார்க்கச் சொல்லுங்கள். ஆசை நிலைக்கிறதா என்று அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

தினமும் எப்படிப் பயன்படுத்துவது என்று அவள் என்னிடம் கேட்டாள். நான் சொன்னதை நீங்களும் தெரிந்துகொண்டால் வீட்டில் கவனித்துக்கொள்ளலாம். கணக்கை முதலில் நோட்டில், பேனாவால், தானே போட வேண்டும். முடித்த பிறகு செயலியிடம் விடை கேட்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் அங்கேதான் படிப்பு தொடங்குகிறது: யார் தவறு, எந்தப் படியில் என்று பாட நூலை எடுத்துப் பார்க்க வேண்டும். முதலிலேயே கேட்டுவிட்டு நோட்டில் எழுதும் பிள்ளைகளை இப்போது நிறையப் பார்க்கிறேன். நோட்டு அழகாக இருக்கிறது, தேர்வறையில் கை நகர்வதில்லை. புரியாத பாடத்தைத் தமிழில் விளக்கச் சொல்லலாம், தன்னைக் கேள்வி கேட்கச் சொல்லலாம், நேர்முகத் தேர்வு போல ஆங்கிலத்தில் பேசிப் பழகலாம். ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் நம் பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். எத்தனை முறை தடுமாறினாலும் யாரும் சிரிப்பதில்லை. வரி விகிதம், கடைசித் தேதி போன்றவற்றை மட்டும் அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் பார்க்காமல் நம்பக் கூடாது. உங்கள் ஆதார், பான், வாடிக்கையாளர்களின் விவரங்கள் எதையும் அதற்குள் போடக் கூடாது. சனிக்கிழமை அவள் காட்டிய பில்லில் கோயம்புத்தூர்க் கடைக்காரரின் போன் எண் வரை இருந்தது, அதைச் சொல்லி அனுப்பினேன்.

அந்த ஆறு மாதப் படிப்புக்காரர்கள் மறுபடி அழைத்தால் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். பாடம் எடுப்பவர் யார், அவர் இதற்கு முன் எங்கே வேலை செய்தார்? போன ஆண்டு படித்து வேலைக்குப் போன இரண்டு பிள்ளைகளோடு நீங்கள் பேசலாமா? நடுவில் நின்றுவிட்டால் எவ்வளவு பணம் திரும்பும்? "வேலை உறுதி" என்றால் என்ன சம்பளத்தில், எத்தனை மாதத்துக்குள்? வாயால் சொல்வதைத் தாளில் எழுதித் தரத் தயங்கினால் வேறு விசாரணை எதுவும் வேண்டாம்.

வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், கட்டணம் கிடையாது. அன்றைக்கு ஒரு மணி நேரம் கார்கானாவைப் பூட்டிவிட்டு அவள் அப்பாவையும் அழைத்து வாருங்கள். பதினோராம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் பில் புத்தகமும் வேண்டும். அந்தக் கோயம்புத்தூர் பில்லை அவள் இன்னும் அப்பாவிடம் காட்டவில்லையாம், திட்டுவார் என்று பயப்படுகிறாள். என் முன்னால் காட்டட்டும்.