தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பழைய கோப்புகள்

கேள்வி: அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றை ஆய்வு செய்கிறேன். ஒரு மாநிலத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் மாநாட்டு அறிக்கைகள் அச்சிலேயே கிடைக்கின்றன. பல்கலைக்கழகக் காப்பகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கும் மற்ற காகிதங்களையும் நான் பார்க்கத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் பார்க்க வேண்டும். கூட்டமைப்பு வெளியே என்ன சொல்ல விரும்பியது என்பதைத்தான் மாநாட்டு அறிக்கை காட்டும். அந்த முடிவுக்கு எத்தனை இழுபறிக்குப் பிறகு வந்தார்கள் என்பது நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளிலும், செயலாளர் அனுப்பிய கடிதங்களின் மெல்லிய கார்பன் நகல்களிலும் இருக்கும்.

என்னைக் கேட்டால், சந்தாப் பேரேட்டிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவில் ஒரு கிளைச் சங்கம் மாநிலக் கூட்டமைப்பில் சேருவது அதன் விருப்பத்தைப் பொறுத்தது. சேர்ந்தால், உறுப்பினர் தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் கட்ட வேண்டும். ஒரு சங்கத்தின் பெயருக்கு நேரே தவறாமல் விழுந்துவந்த தொகை பாதியாகக் குறைந்து, பிறகு கட்டமே வெறுமையாக நிற்குமானால், ஆலை மூடப்பட்டதா, வேலைநிறுத்தத்தில் கையிருப்பு கரைந்ததா, அல்லது தலைமையோடு மனக்கசப்பா என்ற கேள்வியோடு அதே மாதத்துக் கடிதக் கோப்பைத் திறக்கலாம். மேடையில் முழங்கிய தீர்மானத்தைவிட அந்த வெற்றுக் கட்டம் கூட்டமைப்பின் உண்மையான பலத்தை நமக்குச் சொல்லும்.

ஏ.எஃப்.எல். (அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு), சி.ஐ.ஓ. (தொழில்துறை அமைப்புகளின் பேராயம்) ஆகிய இரு தேசியத் தொழிற்சங்க அமைப்புகளும் 1955 டிசம்பரில் இணைந்தாலும், மாநில அளவிலான இணைப்புகள் அதற்குப் பிறகே ஒவ்வொன்றாக நடந்தன. எனவே உங்கள் மாநிலத்தில் இணைப்பு நடப்பதற்கு முந்தைய காலத்துக்கு இரு தரப்புக் கோப்புகளையும் பார்ப்பது அவசியம். 1958ஆம் ஆண்டைத் தனியாகக் கவனியுங்கள். சங்கத்தில் சேருவதை வேலைக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்னும் சட்டத்தை மாநிலங்கள் இயற்றிக்கொள்ள 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் இடம் கொடுத்திருந்தது. 1958இல் ஆறு மாநிலங்களில் இது வாக்கெடுப்புக்கு வந்து, கான்சாஸில் மட்டுமே நிறைவேறியது. உங்கள் மாநிலம் அந்த ஆறில் ஒன்றானால், கூட்டமைப்பின் தேர்தல் பணிகளைக் கவனித்த அரசியல் கல்விக் குழுவின் கோப்புகளைத் தவறவிடாதீர்கள்.

டெட்ராய்ட்டின் வால்டர் ரூதர் நூலகம், அட்லாண்டாவின் தென்னகத் தொழிலாளர் ஆவணக்காப்பகம் போன்ற இடங்களில், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கூறும் விவரப்பட்டியல் உண்டு. புறப்படுமுன் அதைப் படித்துவிடுங்கள். தனிநபர் புகார்க் கோப்புகள் சில பார்வைக்குத் திறக்கப்படாமல் இருக்கலாம் என்பதால், முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது. தாள்களின் வரிசையை மட்டும் கலைக்காதீர்கள். ஒரு கடிதத்துக்கு அடுத்து எது வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் ஒரு சான்றுதான்.