செய்யித் சயீத்: பட்டமும் அடிமை வணிகமும்

கேள்வி: சயீத் பின் சுல்தான் என்ற பெயரில் ‘சுல்தான்’ என்பது பட்டம்தானே?

இல்லை, அது தந்தையின் பெயர். சயீத் ஓமானையும், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரையும் ஆண்டவர். ஓமானின் இபாதி என்ற இஸ்லாமியப் பிரிவின் மரபில், சமயத்துக்கும் ஆட்சிக்கும் தலைவரான இமாம் என்பவர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர். பாட்டனார் அகமது பின் சயீத் அப்படித் தேர்வானவர், பேரன் தேர்வாகவில்லை. நாட்டு மக்களுக்கு அவர் ‘செய்யித்’. பிற நாடுகளில் நபியின் வழித்தோன்றலைக் குறிக்கும் இச்சொல்லுக்கு ஓமானில் ‘பிரபு’ என்றுதான் பொருள். ஆங்கிலேயர்களோ ‘மஸ்கட் இமாம்’ என்றே எழுதிவந்தார்கள். பழைய ஆவணங்களைப் படிப்போர் தடுமாறுவது இதனால்தான்.

கேள்வி: எவ்வளவு காலம் ஆண்டார்?

ஐம்பது ஆண்டுகள். 1806-இல் உறவினர் பத்ரைக் கொன்று அதிகாரத்தைக் கைப்பற்றினார். 1856-இல் கடற்பயணத்தின்போது இறந்தார்.

கேள்வி: 1822-லேயே அடிமை வணிகத்தை ஒழித்தவர் என்று அவரைப் பாராட்டலாமா?

கூடாது. அந்த ஆண்டு பிரிட்டிஷ் கப்பல் தலைவர் மோர்ஸ்பியுடன் செய்த ஒப்பந்தம், கிறிஸ்தவ நாடுகளின் குடிகளுக்கு அடிமைகளை விற்பதை மட்டுமே தடுத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் டெல்கடோ முனையிலிருந்து சொக்கோத்ரா தீவுக்குக் கிழக்கே சென்று, நம் குஜராத் கரையின் டையூ வரை கடலில் ஒரு கோடு வகுத்தார்கள். அதைத் தாண்டிச் செல்லும் அடிமைக் கப்பலைப் பிரிட்டிஷார் பிடிக்கலாம். கோட்டுக்கு மேற்கே வணிகம் தடையின்றி நடந்தது.

1845 ஒப்பந்தம் இன்னும் கடுமையானது. 1847 முதல் ஆப்பிரிக்கப் பகுதிகளிலிருந்து அடிமைகளை வெளியே அனுப்பக் கூடாது. ஆனால் கில்வா முதல் லாமு வரையிலான கரையில் ஏற்றி இறக்கலாம். சான்சிபார் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது! தலைநகரையே அங்கே மாற்றிக்கொண்ட சயீத்தான் கிராம்புத் தோட்டங்களைப் பெருக்கினார். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க உள்நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். கடலில் கதவைச் சாத்திய அதே கை, தோட்டத்தில் அதைத் திறந்து வைத்தது. பிரிட்டனின் தயவு அவருக்குத் தேவைப்பட்டது என்பது உண்மை. அதை இரக்கம் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் எப்போதுதான் முடிந்தது?

அவர் மகன் பர்காஷ் 1873-இல், பிரிட்டிஷ் கடற்படை முற்றுகையிடும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து, சான்சிபார் அடிமைச் சந்தையை மூடினார். சந்தை இருந்த இடத்தில் இன்று ஆங்கிலிக்கன் பேராலயம் நிற்கிறது. ஆனால் சந்தை மூடியதும் அடிமைகள் விடுதலையாகிவிடவில்லை. அங்கே அடிமை நிலைக்கான சட்ட ஏற்பு நீங்க 1897 ஆயிற்று. ஓமானில் 1970 வரை, சுல்தான் காபூஸ் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.