காட்டில் சிக்கிக்கொண்டால் கையில் ஒரே ஒரு கத்தி: எதை எடுப்பீர்கள்?

ஒரு வாரம் காட்டில் மாட்டிக்கொண்டால், வெளிநாட்டு சர்வைவல் கத்தியா, மடக்குக் கத்தியா, அரிவாளா, எதை நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பர்மாவில், மோல்மீனுக்குத் தெற்கே முடோன் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். என் பதில் டாமா.

பர்மியர்கள் எல்லாக் கத்தியையும் டா என்பார்கள். அதில் வெட்டுவதற்கென்றே கனமாக அடித்தது டாமா. வீட்டில் தமிழ் பேசும்போதும் எங்களுக்கு அது டாமாதான். அரிவாள் என்றால் முனியாண்டி கோயிலில் நட்டு வைத்திருப்பது என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

ஏன் டாமா என்றால், கத்தியைத் தேர்ந்தெடுக்க நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: காட்டில் அது கெட்டுப்போனால் காட்டிலேயே சரிசெய்ய முடியுமா? எவ்வளவு கூர்மை, எந்த நாட்டு எஃகு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு ராத்திரி.

2011இல், மழை ஓயும் ஐப்பசி மாதம். டௌங்ஞோ மலையடிவாரத்தில் மூங்கில் வெட்டி வர மாமாவோடு போனேன். அவர் தோளில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பழைய டாமா. என்னிடம் ரங்கூனில் ஒரு கடையில் ஆசையாக வாங்கிய கத்தி. முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் குழல், அதற்குள் தீக்குச்சியும் தூண்டில் முள்ளும், மூடியில் ஒரு திசைகாட்டி. பார்த்தால் காட்டையே வாங்கிவிடலாம் போலிருக்கும். மத்தியானத்துக்கு மேல் மலைமேல் பெய்த மழையில் ஓடை ஏறிவிட்டது. காலையில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் மார்பளவுக்கு வந்து மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு போனது. "இன்னிக்கு இங்கதான் மாப்ளே" என்றார் மாமா.

தரையில் படுக்க முடியாது, அட்டை விடாது. பரண் கட்டியே ஆக வேண்டும். மூங்கிலைப் பிளக்க என் கத்தியை வைத்து அதன் முதுகில் கட்டையால் தட்டினேன். நாலாவது தட்டிலேயே பிடி தனி, கத்தி தனி. எடுத்துப் பார்த்தால், பிடிக்குள் போயிருந்த இரும்பு என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, ஒரு திருகாணியில் நின்றிருந்தது. குழல் பிடி போட்ட கத்திகள் பலவற்றில் பலவீனம் அந்த இடத்தில்தான். வெட்டும் பாரம் முழுவதும் வந்து விழும் இடத்தில் இரும்பே இருக்காது.

சற்று நேரத்தில் மாமாவின் டாமாவும் பிடி பிளந்துவிட்டது. மழையில் ஊறிய பழைய பிடி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பதறவில்லை. கழுத்துத் துண்டைக் கிழித்து, பிடிக்குள் போகும் அந்த வால் பகுதியில் சுற்றிக்கொண்டு, அதே கத்தியால் ஒரு மூங்கிலின் அடிக்கட்டையை வெட்டி எடுத்தார். வேரோடு ஒட்டிய பகுதி உள்ளே கெட்டியாக இருக்கும். நிமிர்ந்து நின்று காய்ந்த பட்டமூங்கிலை வெட்டி, நனைந்த மேல்தோலைச் சீவித் தள்ளி, உள்ளே உலர்ந்த பகுதியைப் பஞ்சு மாதிரி சுரண்டி, லைட்டரில் பற்றவைத்தார். அப்புறம் செய்ததுதான் முக்கியம். வெட்டும் பகுதி முழுவதையும் நனைத்த கைலித் துணியால் சுற்றிவிட்டு, வாலை மட்டும் நெருப்பில் காய்ச்சி, கட்டையின் நடுவில் வைத்து அழுத்தினார். புகைந்து புகைந்து உள்ளே இறங்கியது. இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்து, கடைசியில் தலைகீழாகப் பிடித்துக் கட்டையின் அடியில் தட்டி இறுக்கினார். ஈரத்துணி எதற்கு என்று கேட்டேன். "வாய்க்குச் சூடு ஏறினா பதம் போயிடும், அப்புறம் அது வெறும் தகரம்" என்றார். கத்தியின் வெட்டும் விளிம்புதான் வாய், அதற்கு ஏற்றிய கடினம்தான் பதம். முழுதாக இருட்டுவதற்குள் பரண் போட்டு, மேலே காட்டு வாழை இலை வேய்ந்துவிட்டோம்.

உங்கள் கேள்விக்கு வந்திருக்கும் பல பதில்கள், பிடியின் கடைசிவரை இரும்பு ஓட வேண்டும், மற்றதைத் தொடாதே என்கின்றன. குழல் பிடிக்கு எதிராகச் சொன்னால் சரி. ஆனால் அதுவே வேதம் இல்லை. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தகடு வைத்து ஆணி அடித்த கத்தியில் தகடு உடைந்தால் காட்டில் கயிறு சுற்றித்தான் பிடிக்க வேண்டும். டாமாவின் வால் நீளமாக, கூம்பிக்கொண்டே போகும். பிடி போனால் இன்னொரு பிடி செருகலாம். இத்தனை தலைமுறையாக இங்கே காட்டில் வேலை செய்கிறவர்கள் அதை அப்படி வைத்திருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

தீட்டுவதற்கும் அதே கணக்குதான். கடைகளில் பெருமையாக விற்கிற எஃகு பலதும் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். கூர்மை நாள்பட நிற்கும், உண்மை. ஆனால் மழுங்கிவிட்டால் ஓடைக்கல்லில் தேய்த்து வாய் வராது. கணுவில் பட்டால் வாய் சில்லு சில்லாகப் பெயரும். எங்கள் பக்கத்துக் கொல்லர்கள் பெரும்பாலும் பழைய லாரியின் வில் பட்டையில்தான் அடிப்பார்கள். பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த இரும்பு அது. கொஞ்சம் மிருதுவாக இருக்கும், சீக்கிரம் மழுங்கும், ஆனால் வழவழப்பான ஆற்றுக்கல் ஒன்று கிடைத்தால் பத்து நிமிடத்தில் பழையபடி வெட்டும். வாய் மடங்கினால் தட்டி நிமிர்த்தலாம், உடையாது.

துருப்பிடிக்காதா என்று கேட்பீர்கள். பிடிக்கும். மோல்மீனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4800 மில்லிமீட்டர் மழை. ஒரு ராத்திரி ஈர உறையில் விட்டாலே காலையில் செம்மண் பூசின மாதிரி இருக்கும். துடைத்துக் கடலை எண்ணெய் தடவினால் போதும். தோல் உறை மட்டும் எங்கள் மழைக்கு வேண்டவே வேண்டாம். ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு கத்தியைத் தின்றுவிடும். இரண்டு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துப் பிரம்பால் கட்டிய உறையில் தண்ணீர் நிற்காது.

நீளம்: வாய் 10 முதல் 12 அங்குலம். முதுகு பிடிக்கு அருகில் 5 மில்லிமீட்டர் தடிமன், முனைக்குப் போகப் போக மெலிய வேண்டும். எடை அரை கிலோவைச் சுற்றி. பிடி நீளமாக இருக்கட்டும். கடைசியில் பிடித்தால் வீச்சு கிடைக்கும், முன்னால் நெருக்கிப் பிடித்தால் மீன் அறுக்கலாம், முளை சீவலாம். பெரிய கத்தியால் சின்ன வேலை செய்யலாம், நாலு அங்குலக் கத்தியால் கை தடிமன் மூங்கிலை வெட்ட முயன்றால் பொழுது போய்விடும். எங்கள் காட்டில் மூங்கில்தான் வீடு, அடுப்பு, பாத்திரம் எல்லாம். பச்சை மூங்கில் குழலில் அரிசியும் தண்ணீரும் போட்டு நெருப்பில் சாய்த்து வைத்தால் சோறு. ஒன்று கவனம்: இரண்டு பக்கமும் கணு மூடிய மூங்கிலை அப்படியே நெருப்பில் போடாதீர்கள், உள்ளே காற்று சூடாகி வெடிக்கும். ஒரு பொத்தல் போட்டுவிடுங்கள்.

எல்லா ஊருக்கும் டாமா என்று சொல்ல மாட்டேன். ஊசியிலைக் காடும் பனியும் உள்ள இடத்தில் ஸ்வீடன்காரர்களின் மோரா மாதிரி 10 சென்டிமீட்டர் கத்தி அருமையாக வேலை செய்யும், விலையும் குறைவு. தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்றால் திருப்பாச்சேத்தி மாதிரி அரிவாளுக்குப் பேர்போன ஊரிலோ, உங்கள் ஊர்ப் பட்டறையிலோ நேரான கத்தியாக அடித்துத் தரச் சொல்லுங்கள். வளைந்த மூக்குள்ள வெட்டரிவாள் கிளை கழிக்க நன்றாக இருக்கும், ஆனால் குத்தவும் துளைக்கவும் முனை இல்லாமல் திண்டாடுவீர்கள்.

கத்தி செய்யாத காரியங்களையும் சொல்லிவிட வேண்டும். என் அப்பத்தா 1942இல், ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, பதினாலு வயதில் இந்தியாவுக்குத் தப்பிப் போக, புரோமிலிருந்து டௌங்குப் வழியாக மேற்குக் கரையோர அரக்கானுக்கு நடக்கக் கிளம்பிய கூட்டத்தில் இருந்தவர். நடுவழியில் திரும்பிவிட்டார்கள். அவர்கள் கூட்டத்தில் நாற்பது பேருக்கு ஒரே ஒரு வெட்டுக்கத்தி இருந்ததாம். அதை வைத்துக் குடிசை போட்டார்கள், விறகு வெட்டினார்கள், நடக்க முடியாதவர்களைத் தூக்க மூங்கில் கட்டினார்கள். ஆனாலும் ஆட்கள் செத்தார்கள், காலராவில். "தண்ணிய காய்ச்சிக் குடிச்சிருந்தா பாதிப் பேரு இருந்திருப்பாக" என்பார் அப்பத்தா, சொல்லும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அதனால்தான் என் பையில் கத்திக்கு முன்னால் ஒரு சின்ன அலுமினியப் பாத்திரமும் இரண்டு லைட்டரும் போகும்.

பாம்பு கடித்தால் கத்தியால் கீறி ரத்தத்தை வெளியேற்றலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். எங்கள் வயல்களில் அதிகம் கடிப்பது கண்ணாடி விரியன். அதன் விஷம் ரத்தம் உறைவதையே கெடுத்துவிடும். கீறினால் அந்தக் கீறலிலிருந்து ரத்தம் நிற்காமல் போகும், விஷம் உள்ளேயே இருக்கும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போக வேண்டும். வேறு வழி இல்லை.

இன்னொன்றும் மனசில் கனமாக இருக்கிறது. பர்மாவின் காடுகளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். இப்போது வராதீர்கள். 2021க்குப் பிறகு பல மாநிலங்களில் சண்டை, பாதையோரம் கண்ணிவெடி. 2023இல் உலகிலேயே அதிகம் பேர் கண்ணிவெடியில் செத்ததும் காயம்பட்டதும் இந்த நாட்டில்தான். நாங்களே சின்ன வயதில் ஓடித் திரிந்த சில பக்கங்களுக்கு இப்போது போவதில்லை.

சரி, பட்டறையில் வாங்கும்போது எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன அரத்தைக் கொண்டு போங்கள். வாயில் லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஓடினால் பதம் அதிகம், கணுவில் பட்டால் உடையும். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் பதமே இல்லை. கொஞ்சம் முரண்டு பிடித்துக் கடித்தால் அதுதான் நமக்கு வேண்டியது. முதுகு ஓரங்களை மழுக்காமல் சதுரமாக விடச் சொல்லுங்கள், மூங்கில் சுரண்டவும், உரசினால் பொறி தெறிக்கும் தீக்கோலில் பொறி எடுக்கவும் உதவும். பிடி போடுவதற்கு முன்னால் வாலைக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பிடியில் வால் நுழையும் முனையில் ஒரு பூண், அதாவது உலோக வளையம், இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் மாமாவுக்கு ஆன மாதிரி பிளக்கும். பளபளப்பாக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உலையின் கறுப்பு அப்படியே இருந்தால் துருவும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும்.