யானை பிழைத்த வேல் – சொல் கேள்வி பதில்

கேள்வி: தவறு, பிழை, குற்றம், பாவம், பழி எல்லாம் ஒன்றுதானே? எதை எங்கே எழுதுவது?

பதில்: ஒன்றல்ல. தீர்ப்புச் சொல்வது யார் என்று பாருங்கள். குற்றத்துக்குச் சட்டம், பாவத்துக்குச் சமயம், பழிக்கு ஊர்வாய். பிறன்மனை நாடுபவனை விட்டு 'பகைபாவம் அச்சம் பழியென நான்கும்' நீங்கா என்கிறது குறள் (146). பாவமும் பழியும் அங்கே தனித்தனி. அதே செயலைத் தண்டித்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல் நீக்கியது. இன்று அது குற்றமில்லை. மணவிலக்குக்குக் காரணமாக நிற்கிறது. பாவமும் பழியும் அந்தத் தீர்ப்பால் போய்விடவில்லை. அது நீதிமன்றத்தின் வேலையும் அல்ல.

தவறும் பிழையும் குறி விலகியதைச் சொல்பவை. 'யானை பிழைத்தவேல்' (குறள் 772) என்றால் யானைமேல் படாமல் போன வேல். அம்பு பிழைத்தால் மான் பிழைக்கும். ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கும் அழகைப் பாருங்கள்! கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் பாவத்தைக் குறிக்கும் 'ஹமார்தியா'வும் குறி தவறுவதைச் சொல்லும் வினையிலிருந்து பிறந்ததே. கெட்ட எண்ணம் இல்லாத இடத்தில் பிழை என்றே எழுதுங்கள்: கணக்குப் பிழை, அச்சுப் பிழை.

பழைய நூல்களில் 'குற்றம்' வந்தால் சிறையை நினைக்க வேண்டாம். 'குற்றங்கடிதல்' அதிகாரம் கடியச் சொல்வது செருக்கு, சினம், ஈயாமை போன்றவற்றை.

கேள்வி: கைதானவரைக் 'குற்றவாளி' என்று எழுதலாமா?

பதில்: கூடாது. முதல் தகவல் அறிக்கையில் பெயர் வந்தாலும், காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாலும், நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்தாலும் அவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான். நீதிமன்றத் தமிழில் 'எதிரி'. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகத் தீர்ப்பு வந்த பிறகே குற்றவாளி. மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானால் அந்தச் சொல்லையும் எடுத்துவிட வேண்டும். இன்னொரு கேடு, ஜாமீனில் வந்தவரை 'விடுதலை' என்று தலைப்பிடுவது. வழக்கே முடிந்துவிட்டதென்று படிப்பவர் நினைப்பார். 'ஜாமீனில் வெளிவந்தார்' என்பதே சரி.

கேள்வி: இலக்கணத்தில் தவறுக்கு மன்னிப்பு உண்டா?

பதில்: உண்டு, அதற்குப் பெயரே இருக்கிறது: வழுவமைதி. வழு என்றால் இலக்கணப் பிழை; தக்க காரணத்தால் அதை ஏற்பது வழுவமைதி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு. பசு அஃறிணை, 'வந்தது' என்பதே முறை. ஆனால் அன்பு மிகுந்து 'என் அம்மை வந்தாள்' என்று பசுவைச் சொன்னால் இலக்கணம் ஏற்கிறது. உவப்பு (மகிழ்ச்சி), உயர்வு, சிறப்பு, செறல் (சினம்), இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களை நன்னூல் தருகிறது. காரணமின்றிச் சொன்னால் அது வழுவேதான். சட்டத்திலும் இப்படி ஒரு கதவு உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 20ஆம் பிரிவின்படி 7 வயது நிரம்பாத குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது. 7 முதல் 12 வயதுக்குள் என்றால், தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்ப்பார்கள் (பிரிவு 21).

கேள்வி: 'ஐயோ பாவம்' என்பதும் நடனத்தில் வரும் 'பாவம்' என்பதும் ஒரே சொல்லா?

பதில்: இல்லை. முதலாவது 'பாப' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். நடனத்தில் வருவது 'பா⁴வ' (bhāva) என்று மூச்சழுத்தி ஒலிக்கும் வேறு வடசொல். உணர்ச்சி வெளிப்பாட்டைக் குறிப்பது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால், குழப்பம் வரும் இடத்தில் பின்னதை 'மெய்ப்பாடு' என்று எழுதிவிடுங்கள்.