சிரமதானத்துக்கு ஆள் வராவிட்டால்

தம்பி, இரணைமடுக் குளத்துப் பக்கம் கமக்காரர் அமைப்புத் தலைவராகி, வாய்க்கால் துப்புரவாக்க எல்லாரும் கூலியில்லாமல் கூடிச் செய்யும் முதல் சிரமதானத்துக்கே நாலு பேர்தான் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப் அறிவித்தலுக்கு யார் வருவார்கள்? படலைக்குப் போய்க் கேளுங்கள், அதுவும் வாய்க்காலின் கடைசியில் காணி உள்ளவர்களிடம் முதலில். வாய்க்காலில் புல் மண்டினால் தண்ணீர் எட்டாமல் காய்வது அவர்களின் வயல்தான். தண்ணீர் திறந்துவிடும் துருசடியில் காணி உள்ளவருக்கு என்ன கவலை? காலபோகம் என்ற பெரும்போக விதைப்பின் மழைக்கு முன், புரட்டாதிக்குள் வேலையை முடிக்கப் பாருங்கள். மண்வெட்டியோடு முதலில் நீங்கள் இறங்குங்கள். கொப்பியோடு வரம்பில் நின்று வரவு பதிகிற தலைவரைச் சனம் மறுமுறை எட்டியும் பார்க்காது. தேத்தண்ணி கட்டாயம். வயது போனவர்களுக்கும் கைப்பிள்ளையோடு தனியே இருக்கும் தாய்மாருக்கும் தண்டம் எழுத வேண்டாம். அவர்களின் பங்கை நீங்களும் பெடியளும் வெட்டிவிடுங்கள். அப்புறம், அமைப்பின் கணக்கைக் கூட்டத்தில் உரத்து வாசியுங்கள். சந்தாக் காசு எங்கே போனது என்ற முணுமுணுப்பே பாதிப் பேரை வீட்டில் இருத்தியிருக்கும்.