ஏர்க்கயிறும் அறுபத்தைந்து டாலரும்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்கு ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. முடித்தால் எம்.டி. இல்லை, டி.ஓ. பொங்கல் விழாவில் ஒருவர், "எம்.டி. கிடைக்கலையாக்கும்?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை. கடனும் நிறைய ஆகும். இது உண்மையான டாக்டர் படிப்புதானா? சேர்க்கலாமா, இன்னும் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்லலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உண்மையான டாக்டர்தான். ஐம்பது மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், கத்தி பிடிக்கலாம். அங்கே மருத்துவம் படிப்பவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்த வழியில்தான் போகிறார். கடனைப் பற்றி வட்டிக்கணக்கு தெரிந்தவரைக் கேளுங்கள். எனக்குப் பால் கணக்கே உதைக்கும்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் மிசௌரியில், கிர்க்ஸ்வில் ஊரில் இருந்தேன். மனதால்தான். ஆஸ்டியோபதியை, அதாவது எலும்பையும் தசையையும் கையால் தொட்டுச் சரிசெய்யும் முறையை, தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் ஒரு மாதமாக என்னை விடுவதாயில்லை. பத்து வயதில் அவருக்குத் தலைவலி. அப்பாவின் ஏர்க்கயிற்றை இரண்டு மரங்களுக்கு நடுவே, தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் கட்டி, மேலே போர்வையை மடித்துப் போட்டு, அதில் கழுத்தை வைத்துப் படுத்திருக்கிறார். தூங்கி எழுந்தால் வலியைக் காணோம். சுயசரிதையில் அவரே சொல்கிறார்.

வளர்ந்து அவரும் வைத்தியரானார். 1864-ல் அவர் வீட்டுக்குள் மூளைச்சவ்வுக் காய்ச்சல் வந்தது. டாக்டர்கள் வந்தார்கள், மருந்து வந்தது, பிரார்த்தனை நடந்தது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். அதற்குப்பின் அந்த மனிதருக்கு மருந்துப்புட்டியைக் கண்டாலே ஆகவில்லை. 1874-ல் தன் முறையை அறிவித்தார். அவர் குடும்பம் நிலம் கொடுத்து உதவிய பேக்கர் பல்கலைக்கழகமே பேச இடம் தரவில்லை. 1892-ல், அறுபத்துநாலு வயதில், கிர்க்ஸ்வில்லில் இரண்டு அறை மரக்கட்டடத்தில் பள்ளியைத் தொடங்கினார். இருபது பேர் போல மாணவர்கள், அவர்களில் பெண்களும் உண்டு. உடற்கூறு சொல்லிக்கொடுத்தவர் எடின்பரோவில் படித்த வில்லியம் ஸ்மித். அறுவைக் கருவி விற்க ஊருக்கு வந்தவர், வாத்தியாராகத் தங்கிவிட்டார்!

மருந்தே வேண்டாம் என்றது ஸ்டிலின் பிழை. பெரிய பிழை. 1910-ல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கை இந்தப் பள்ளிகளைக் கிழித்துத் தொங்கவிட்டதில் நியாயமும் இருந்தது. 1917-ல் அவர் இறந்தார். பிறகு பள்ளி மருந்தியலையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டது. பிழைத்தது அதனால்தான். ஆனால் கையை விடவில்லை. முதுகெலும்பைத் தொட்டு அறியும் பாடம் இன்றும் உண்டு.

அந்தக் கைதான் எனக்கு முக்கியம். எங்கள் தெருவில் இரட்டைப் பிள்ளை பெற்ற ஒரு பெரியம்மா சுளுக்கு வழிப்பார். விளக்கெண்ணெயைத் தடவிவிட்டு உடனே அழுத்தமாட்டார். விரல் கழுத்தில் ஊர்ந்துகொண்டே போய் ஓரிடத்தில் நிற்கும். "இங்கதானேடா?" என்பார். அங்கேதான். நோய் தீர்ந்ததா என்பது வேறு விஷயம். மூன்று வருடம் முன்பு அதே கழுத்துக்காக ஒரு பெரிய நிபுணரிடம் போனேன். ஸ்கேனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சீட்டு எழுதினார். என் கழுத்து அவருக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. தொடவில்லை. கட்டணம் ஆயிரத்து இருநூறு. மருந்து சரியானதுதான், வலியும் குறைந்தது. ஆனால் எங்கே வலிக்கிறது என்று அவருக்குத் தெரியாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

பட்டத்தின் எழுத்துக்காகத் தூங்காமலிருக்கும் உங்களுக்கு ஒரு கதை. 1961-ல் கலிஃபோர்னியாவில் எம்.டி.க்களின் சங்கமும் டி.ஓ.க்களின் சங்கமும் சமரசம் செய்துகொண்டன. டி.ஓ.க்கள் அறுபத்தைந்து டாலர் கட்டினால் எம்.டி. என்று போட்டுக்கொள்ளலாம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டினார்கள். முந்தின நாள் பார்த்த அதே நோயாளி, அதே கை, அதே மூளை. அவர்களின் லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியும் எம்.டி. கல்லூரியாகிப் பின்னர் அர்வைன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. புதிய டி.ஓ.க்களுக்கு அங்கே உரிமம் நின்றது. 1974-ல் நீதிமன்றம்தான் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. பொங்கல் விழாவில் கேட்டவருக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் சரி, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட வந்தவருக்கு உங்கள் தூக்கத்தை எதற்குக் கொடுத்தீர்கள்?

கோபப்படாதீர்கள். பெற்ற வயிறு என்று புரிகிறது. ஆனாலும் உங்கள் கடிதத்தில் எல்லோரும் பேசுகிறார்கள், மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் என்ன சொல்கிறாள்? கேட்டு எழுதுங்கள். அடுத்த முறை ஊருக்கு வந்தால் அவளையும் அழைத்துவாருங்கள். கழுத்து இன்னும் முழுக்கச் சரியாகவில்லை.