வாட்ச் காட்டும் 174 இருக்கட்டும், ஏற்றத்தில் ஏன் நிற்கிறீர்கள்?

கேள்வி: வயது 51. நாலு மாதமாக ஜிபிஎஸ் உள்ள ஃபிட்னஸ் வாட்ச் கட்டிக்கொண்டு தினமும் காலையில் 5 கிலோமீட்டர் நடையும் ஓட்டமுமாகப் போகிறேன். ஓட ஆரம்பித்ததுமே இதயத்துடிப்பு 174 என்று காட்டுகிறது. உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனைச் சொல்லும் வி.ஓ.2 மேக்ஸ் எண் இறங்கிக்கொண்டே வருகிறது. வாட்ச் சொல்லும் தூரம் ஒன்று, போன் சொல்லும் தூரம் ஒன்று. ஜிபிஎஸ் கதிர்வீச்சு இதயத்தைப் பாதிக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். பட்டைக்கு அடியில் தோல் வேறு சிவந்திருக்கிறது. மூன்று வாரமாக ஏற்றத்தில் போகும்போது நெஞ்சில் ஒரு பிடிப்பு வருகிறது. நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது. வாயு என்று மாத்திரை போட்டுக்கொள்கிறேன், சரியாகிவிடுகிறது. இணையத்தில் படித்துவிட்டுத் தினம் ஓர் ஆஸ்பிரினும் எடுக்கிறேன். அப்பாவுக்கு 56 வயதில் மாரடைப்பு வந்தது. பதிவுகளை இணைத்திருக்கிறேன். என் இதயம் நன்றாக இருக்கிறதா?

பதில்: கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நெஞ்சுப் பிடிப்பு, அதற்குத்தான் இந்தப் பதில். மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படித்து முடித்ததும் இதய சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு இன்றைக்கே போங்கள். நீங்களே வண்டி ஓட்ட வேண்டாம், யாரையாவது கூட அழைத்துப் போங்கள். நாளைக் காலை நடையும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பதிவுகளில் நான் முதலில் பார்த்தது வரைபடத்தைத்தான். மூன்று வாரத்துக்கு முந்தைய பதிவில் நீங்கள் ஏற்றத்தின் உச்சிக்குப் பக்கத்தில், 2.3 கிலோமீட்டரில், ஒரு தடவை நின்றிருக்கிறீர்கள். சென்ற வாரப் பதிவில் அதே பாதையில் 1.9 கிலோமீட்டரிலேயே, ஏற்றம் தொடங்குகிற இடத்திலேயே நின்றுவிட்டீர்கள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை. முன்பு உச்சி வரை போக முடிந்த உடம்பு இப்போது அடிவாரத்திலேயே உங்களை நிறுத்துகிறது. ஒரு மருத்துவரை உடனே எழுந்து உட்கார வைக்கிற தகவல் இது. உங்கள் வாட்ச் அதைத் துல்லியமாகப் பதிந்து வைத்திருக்கிறது. நீங்கள் மட்டும் வேறு எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கண்ணில் படாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. வாட்ச்சில் ஆட்டோ பாஸ் போட்டு வைத்திருக்கிறீர்கள். நீங்கள் நின்றதும் அதுவும் கடிகாரத்தை நிறுத்திவிடும், நடந்ததும் மறுபடி ஓட்டும். அதனால் சராசரி வேகம் ஏறக்குறைய பழையபடியேதான் தெரியும். பதிவில் நகர்ந்த நேரம், மொத்த நேரம் என்று இரண்டு இருக்கும். பழைய பதிவில் 44 நிமிடம், 45 நிமிடம். சென்ற வாரம் 44, 51. நடுவில் இருக்கிற ஏழு நிமிடமும் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் குறுகியிருந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிற ரத்தம் போதும். ஏற்றத்தில் இதயத்தின் வேலை கூடும், தேவையும் கூடும், குறுகிய குழாயால் ஈடுகொடுக்க முடியாது. அப்போது நெஞ்சு இறுகும், அழுத்தும், பாரமாக இருக்கும். நின்றால் தேவை குறையும், சில நிமிடத்தில் அடங்கிவிடும். உழைத்தால் வந்து ஓய்ந்தால் போகிற இந்த ஒழுங்குதான் கவனிக்க வேண்டிய அடையாளம். எல்லோருக்கும் இடது நெஞ்சில்தான் வரும் என்றில்லை. தொண்டையில், தாடையில், தோளில், கையில், மேல் வயிற்றில்கூட வரலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களில் பலருக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பாகவோ வழக்கமில்லாத அசதியாகவோ மட்டும் வரலாம். இதுவே பல மாதமாக ஒரே அளவு உழைப்பில், ஒரே அளவுக்கு வந்துபோனால் ஓரிரு நாளில் நேரம் வாங்கிப் பார்க்கலாம். புதிதாகத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் குறைந்த உழைப்பிலேயே வந்தால் தள்ளிப்போடக் கூடாது. உங்களுடையது இந்த இரண்டாவது வகை மாதிரி இருக்கிறது. உங்கள் அப்பாவின் கதையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இன்னும் அவசரமாகப் படுகிறது.

வாயு மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டது என்கிறீர்கள். அது வயிற்றில் இறங்கி வேலை செய்யும் முன்பே, நீங்கள் நின்றதால் பிடிப்பு விட்டிருக்கும். மாத்திரைக்கு இனாமாகப் பெயர் கிடைத்துவிட்டது. சமதரையில் வராத வாயு, ஏற்றத்தில் மட்டும் தேடி வருமா? இந்த ஒரு கேள்வியை உங்களையே நீங்கள் கேட்டிருந்தால் மூன்று வாரம் போயிருக்காது. நெஞ்சுப் பிடிப்பை வாயு என்று ஒதுக்கிவைத்து, கை மீறிய பிறகு வந்து சேருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

ஆஸ்பிரினையும் நீங்களாக ஆரம்பித்திருக்கக் கூடாது. வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடிய மருந்து அது. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். இப்போது அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். என்ன அளவு, எத்தனை நாளாக என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். தொடர்வதா நிறுத்துவதா என்று அவர் சொல்லட்டும்.

மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் உட்கார்ந்திருக்கும்போதே பிடிப்பு வந்தாலோ, வந்தது பத்து நிமிடம் ஓய்ந்தும் விடவில்லை என்றாலோ, குப்பென்று வியர்த்தாலோ, தலைசுற்றி மயக்கம் வருகிற மாதிரி இருந்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் வாட்ச்சில் இசிஜி வசதி இருந்தாலும் அதனால் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. இதயத் தாளம் தப்புகிறதா என்று பார்க்க அது உதவும், அதற்கென்று வந்ததுதான் அது. மருத்துவமனையில் 12 கோணத்தில் எடுப்பதை அது ஒரே கோணத்தில் எடுக்கிறது. ‘எல்லாம் சீராக உள்ளது’ என்று அது காட்டியதை நம்பி வீட்டில் படுத்துவிடக் கூடாது. இன்னொன்று, மருத்துவமனையில் படுக்க வைத்து எடுக்கிற இசிஜியும் சரியாக வந்துவிட்டது என்பதாலேயே விஷயம் முடிந்துவிடாது. பிடிப்பு இல்லாத நேரத்தில் அது பலருக்கு இயல்பாகவே இருக்கும். ரத்தப் பரிசோதனை, எக்கோ என்கிற இதய ஸ்கேன், தேவைப்பட்டால் இதயத்தின் ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் சிடி ஆஞ்சியோ என்று மருத்துவர் அடுத்ததைச் சொல்வார். முதல் இசிஜி நன்றாக இருக்கிறது என்றதும் கிளம்பி வந்துவிடாதீர்கள். நம் ட்ரெட்மில்லில் நாமே ஓடிப் பார்த்துவிடலாம் என்கிற யோசனையும் வேண்டவே வேண்டாம்.

சரி, மற்ற கவலைகளுக்கு வருவோம்.

174 பெரும்பாலும் உங்கள் இதயம் அல்ல, உங்கள் கால். வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு தோலுக்குள் போய்வரும் ஒளியை வைத்து ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தாலும், கை குளிர்ந்திருந்தாலும் அந்தச் சைகை மங்கிவிடும். அப்போது ஓடும்போது கை ஆடுகிற தாளத்தைத் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஓட்டத்தில் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைப்பது சகஜம். உங்கள் பதிவிலேயே அந்த நேரத்து அடி எண்ணிக்கை 172 என்று இருக்கிறது, பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நகராதபடி கட்டினால் இது குறையும். சந்தேகம் வந்தால் மணிக்கட்டு நாடியில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கையால் எண்ணியும் அவ்வளவு வேகமாக, தாளம் தப்பி அடித்தால் மட்டும் அது வேறு கதை. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வி.ஓ.2 மேக்ஸை உங்கள் வாட்ச் அளக்கவில்லை, கணிக்கிறது. ஜிபிஎஸ் தருகிற வேகத்தையும் இதயத்துடிப்பையும் சேர்த்துப் போடும் கணக்கு அது. துடிப்பே தப்பாக 174 என்று போனால், ‘இவ்வளவு மெதுவாகப் போவதற்கே இவ்வளவு துடிப்பா’ என்று கணக்கும் கீழே இறங்கும். அந்த எண்ணை வைத்து நான் யாருக்கும் சிகிச்சை செய்ததில்லை.

ஜிபிஎஸ் கதிர்வீச்சு பற்றிய அந்த வீடியோவை மறந்துவிடுங்கள். 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் அனுப்பும் மிக மெல்லிய சைகையை உங்கள் வாட்ச் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். திருப்பி அது எதையும் அங்கே அனுப்புவதில்லை. வாட்ச்சும் போனும் பேசிக்கொள்கிற புளூடூத்தின் சக்தியும் மிகச் சிறியது. இதயத்துக்குக் கெடுதல் செய்யும் அளவுக்கு இதில் ஒன்றுமே இல்லை. இப்படிப் பயமுறுத்தும் வீடியோக்கள்மேல் எனக்கு வருகிற கோபமெல்லாம், நிஜமாகப் பயப்பட வேண்டியதிலிருந்து உங்கள் கவனத்தைத் திருப்பிவிடுகின்றனவே என்பதுதான்.

தூரக் கணக்கில் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். திறந்த வானத்தின் கீழேயே இடம் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். உயரமான கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சைகையும் அடர்ந்த மரங்களும் அதை இன்னும் குழப்பும். கிளம்புமுன் வெட்டவெளியில் நின்று சைகை கிடைத்துவிட்டது என்று வாட்ச் சொன்ன பிறகு நடந்தால் ஓரளவு சரியாகும். 5 கிலோமீட்டருக்கு 200 மீட்டர் கூடக் குறைய இருப்பதில் உடம்புக்கு ஒன்றும் இல்லை. தோல் சிவப்புக்குப் பட்டையைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, கையை மாற்றிக் கட்டுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்த இரண்டு வரைபடங்களையும் போனில் எடுத்துக் காட்டுங்கள். முன்பு எங்கே நின்றேன், இப்போது எங்கே நிற்கிறேன், நகர்ந்த நேரம் எவ்வளவு, மொத்த நேரம் எவ்வளவு என்று காட்டினால் அவருக்கு மிகவும் உதவும். ஆட்டோ பாஸை இப்போதே எடுத்துவிடுங்கள். சிகிச்சை முடிந்து, அவர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு, நீங்கள் இருக்கிற இடத்தை வீட்டாருக்கு நேரலையாகக் காட்டும் வசதியையும் அவசர அழைப்பு எண்ணையும் போட்டு வைத்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.